குச்சியும் நிழலும்: குடுபல்லியில் கற்ற ஒரு பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டுக் கல்வியைக் குறைகூற முற்படும்போதெல்லாம் நாம் இதனையே எடுத்தாளுகிறோம். ஆனால் அப்பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. தோட்டத்துச் சுரைக்காயும் தானே கறியாகிவிடுவதில்லை. அதைப் பறிக்க வேண்டும், நறுக்க வேண்டும், அடுப்பில் ஏற்றிப் பக்குவம் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குச் செய்முறைக் கல்வி வேண்டும், வெளிப்பயணம் வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அப்பயணம் எப்போது கல்வியாகிறது, எப்போது ஒருநாள் உல்லாசமாக முடிந்துவிடுகிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன். நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். ஆகவே இக்கேள்வி நமக்கு உரியது.

கருத்து புதியதன்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலாட்சி (1746–1827), சொல்லுக்கு முன் பொருளைக் குழந்தையின் கண்முன் வைக்க வேண்டும் என்றார். அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் சோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, சமையலையும் தச்சையும் நெசவையும் பாடங்களின் வாயிலாக்கினார். 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார். மூவரும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு நோக்கினர். ஆயினும் கை உழைக்காமல் அறிவு ஊன்றாது என்பதில் ஒன்றுபட்டனர்.

இனி என் ஊர்ப் பக்கம் வருவோம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்தை அடுத்து வரும் நிலையம் குடுபல்லி. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை அது. ஒரு பக்கம் தமிழகம், மறுபக்கம் கருநாடகம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் கலந்து பேசும் மக்கள் நாங்கள். திராவிட மொழிகளுக்கென 1997-இல் ஒரு பல்கலைக்கழகம் குப்பத்தில் நிறுவப்பட்டது பொருத்தமே அன்றோ?

இக்குடுபல்லி வட்டாரத்தில்தான் அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் உள்ளது. வங்கிப் பணியை விட்டு வந்த இராம்ஜி இராகவன் முதலானோர் 1999-இல் அந்நிறுவனத்தைத் தொடங்கினர். வறண்டு கிடந்த நிலத்தில் மரங்கள் வளர்ந்தன, ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. சுற்றுப்புறத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து, காற்றழுத்தத்தையும் ஆடியையும் மின்சாரத்தையும் தாமே தொட்டுப் பார்த்துச் செல்கின்றனர். வர இயலாத பிள்ளைகளைத் தேடி ஆய்வுக்கூட வண்டிகள் ஊர் ஊராகச் செல்கின்றன. மூத்த மாணவர் இளையோர்க்கு விளக்குவதும் அங்கு ஒரு முறையாகவே வளர்க்கப்படுகிறது. கணித மேதை இராமானுசன் பெயரால் 2017-இல் அங்கு ஒரு கணிதப் பூங்காவும் திறக்கப்பட்டது.

முன்பு இதே சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிப் பகுதியில் இன்னொரு முயற்சி கிளைத்தது. அங்குள்ள ரிஷிவேலிக் கல்வி நிலையத்தார் சிற்றூர்ப் பள்ளிகளுக்கெனச் செயல் அட்டைகளை வகுத்தனர். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் அமர்ந்து, அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறிச்செல்ல அவ்வட்டைகள் உதவின. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதனால் கவரப்பட்டார். 2003-இல் சென்னையின் 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறை, செயல்வழிக் கற்றல் என்னும் பெயரோடு 2007-இல் தமிழகமெங்கும் பரவியது. பலகையைப் பார்த்து வரிசையாக அமர்ந்திருந்த குழந்தைகள், தரையில் வட்டமாக அமர்ந்து தாமே அட்டை எடுத்துப் படிக்கலாயினர். அது சிறிய மாற்றம் அன்று. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது.

இவ்வளவும் போற்றத்தக்கவையே. எனினும் எந்த நல்ல முறைக்கும் ஓர் இடர் உண்டு. அட்டையை முடிப்பதே பாடத்தை முடிப்பது என்று ஆகிவிடலாம். பேருந்தில் ஏறி இறங்குவதே வெளிப்பயணம் என்று ஆகிவிடலாம். கருவி வியப்பை எழுப்பும். வியப்பைக் கேள்வியாக்குவதும், கேள்வியை விடாமல் பின்தொடர்வதும் வகுப்பறையின் வேலை. பேருந்து திரும்பிய மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது? அதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக ஓர் எளிய பாடத்தைக் கூறுகிறேன்.

ஆசிரியப் பயிற்சியின் பொருட்டு, எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பணியாற்றினேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூவர். பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டோம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குச்சி, ஓர் அளவுகோல், சுண்ணாம்புக் கட்டி, திசைகாட்டி. குச்சியை நடுவதற்கு முதல்நாளே, “நண்பகலில் நிழல் எவ்வளவு இருக்கும், எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டு, அவரவர் விடையை எழுதி வைக்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் “நிழலே இராது” என்று எழுதினர். உச்சிவேளையில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்பான் என்பது அவர்கள் கேட்டுப் பழகிய செய்தி.

ஜூன் 21-ஆம் நாள் அளந்தோம். எங்கள் ஊரில் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82½ பாகை நெடுங்கோட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. நாங்கள் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஆகவே 12 மணி 20 நிமிட அளவில்தான் நிழல் மிகக் குறுகுகிறது. அப்போதும் நிழல் மறையவில்லை. 19 சென்டிமீட்டர் இருந்தது. அதுவும் தெற்கு நோக்கி விழுந்தது. பிள்ளைகள் திகைத்தனர். கதிரவன் வடக்கே நிற்கிறானா? திசைகாட்டி பழுதோ என்று ஐயுற்று, அதைத் தட்டிப் பார்த்தான் ஒருவன்.

அதுவரை வகுப்பில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி இருந்தாள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுவாள். தெலுங்குப் பாடத்தில் கேட்ட கேள்விக்குத் தலை குனிவதே அவள் விடை. அன்று அவள்தான், “சார், நிழல் அந்தப் பக்கம் போவுது” என்று முதலில் கூவினாள். உடனே ஒருவன் “நீட” என்றான். கன்னட வீட்டுப் பையன் “நெரளு” என்றான். மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். நிழல், நீட, நெரளு ஆகிய மூன்றும் ஒரு வேரிலிருந்து பிரிந்த கிளைகள் என்பதை மொழிநூலார் காட்டியிருக்கின்றனர். பிள்ளைகளுக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டா. தன் வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும் உறவினர் என்று கண்டால் போதும். அச்சம் பாதி நீங்கும். பொருள் கண்முன் நின்றதால் சொல் தானே வந்தது. முதலில் சொல்லைக் கேட்டிருந்தால் அவள் என்றும்போல் தலை குனிந்திருப்பாள்.

வாரந்தோறும் அளந்தோம். ஜூலை மூன்றாம் வாரத்தில் 14 சென்டிமீட்டர். ஆகஸ்டு 3-இல் 8 சென்டிமீட்டர். நிழல் குறுகிக்கொண்டே வருவதைக் கோட்டுப் படமாகச் சுவரில் வரைந்தனர். அப்போது அச்சிறுமியே கேட்டாள்: “ஒண்ணுமே இல்லாமப் போனப்புறம் எந்தப் பக்கம் வரும் சார்?” நான் விடை கூறவில்லை. “நீங்களே சொல்லுங்கள்” என்றேன். வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. மீண்டும் தெற்கே வளரும் என்றது ஒரு கட்சி. வடக்கே தாண்டும் என்றது மற்றொன்று.

குடுபல்லி ஏறத்தாழ 12.8 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. கதிரவன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டே முறை: ஏப்பிரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்டு 18-ஐ ஒட்டி ஒருமுறை. முன்னது கோடை விடுமுறையை ஒட்டி வருவது; பின்னதே பள்ளிக்கு உரியது. ஆகஸ்டில் மேகம் மறைக்குமே என்று கலங்க வேண்டியதில்லை. முன்பின் மூன்று நாள்வரை நிழல் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. எங்களுக்கு 18-ஆம் நாள் மேகம், மறுநாள் வெயில். குச்சியின் அடியில் நிழல் ஒடுங்கிவிட்டது. மாத இறுதியில் 7 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழுந்தது. தாண்டும் என்ற கட்சியின் ஆரவாரத்தை நான் எழுத வேண்டுமோ? டிசம்பர் 21-க்குள் அது 73 சென்டிமீட்டராக நீளும் என்று கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டு விடைபெற்றேன்.

இப்பாடம் நமக்கு உணர்த்துவன மூன்று. முதலாவது, பார்ப்பதற்கு முன் பிள்ளை தன் ஊகத்தை எழுத வேண்டும். ஊகம் இல்லாதவனுக்கு வியப்பும் இல்லை. இரண்டாவது, ஒரு பயணத்தில் ஒரு பொருளையே நோக்க வேண்டும். ஏரிக்கரைக்குச் சென்றால் நீர்மட்டம் மட்டும். பட்டுப்புழு வளர்ப்போர் வீட்டிற்குச் சென்றால் புழு எத்தனை முறை தோலுரிக்கிறது என்பது மட்டும். நான்கு முறை என்று பிள்ளைகளே எண்ணிக் காணட்டும். பாலாற்றுப் படுகைக்குச் சென்றால் மணலும் கூழாங்கல்லும் மட்டும். மூன்றாவது, மறுநாள் வகுப்பில் அவரவர் மொழியில் பேசவும், பின்னர்ப் பள்ளி மொழியில் எழுதவும் நேரம் ஒதுக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் அகஸ்தியா போன்ற பெரிய ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும் ஒருநாள் பயணம் பன்மடங்கு பயன் தரும். இவை இல்லையேல் எத்துணைச் சிறந்த கருவியும் வேடிக்கைப் பொருளே.

பாடநூல் பெரிது, நாள்கள் குறைவு என்று ஆசிரியர் பலர் கூறுவது உண்மையே. ஆனால் எங்கள் நிழற்பாடம் வாரத்திற்குப் பத்து நிமிடமே கொண்டது. அதற்குள் அளவும் கூட்டலும் திசையும் புவியியலும் மொழியும் அடங்கின.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் இதனைச் செய்து பார்க்கலாம். சென்னையில் நிழல் மறையும் நாள் ஆகஸ்டு 18-ஐ ஒட்டி வரும். மதுரையில் 27-ஐ ஒட்டியும், குமரிமுனையில் செப்டம்பர் முதல் நாளை ஒட்டியும் வரும். தெற்கே செல்லச் செல்ல நாள் ஏன் தள்ளிப்போகிறது? அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் இசைவு பெற்று, ஒரு குச்சியை நட்டு, அக்கேள்வியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.