அடி வேண்டாம், விளையாட்டுப் போதும்

மூணாறு ஒரு மலை ஊர். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்ய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக லயத்து வீடுகளில் வாழ்கின்றன. லயம் என்றால் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாசலில்தான் விளையாடுவார்கள்.

அப்படி ஒரு லயத்தில் ஓர் ஆச்சியும் பேத்தியும் இருந்தார்கள். அவர்கள் ஒரு நாய்க்குட்டி வளர்த்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. பெயர் மணி.

மணி மிகவும் பயந்த குட்டி. தட்டு விழுந்தால் ஓடும். கட்டிலுக்கு அடியில் ஒளியும். புது ஆள் வந்தால் உறுமும். ஒரு நாள் பேத்தி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அதை இழுத்தாள். மணி வெடுக்கென்று கடிக்க வந்தது. நல்ல வேளை, பல் படவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்தார்.

"ஆச்சி, ரெண்டு அடி போடுங்க. அப்பத்தான் அடங்கும்" என்றார்.

ஆச்சி கம்பை எடுத்தார். கம்பைப் பார்த்ததும் மணி நடுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. ஆச்சி கம்பைக் கீழே போட்டார்.

"இது திமிரு இல்லப்பா. பயம்" என்றார்.

மறுநாள் மணியைத் தூக்கிக்கொண்டு இருவரும் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள்.

பயந்த நாய் ஏன் கடிக்கிறது?

டாக்டரம்மா மணியைத் தொட்டுப் பார்த்தார். உடம்பில் நோய் இல்லை என்றார். பிறகு ஆச்சியிடம் கேட்டார்:

"நாய்க்குப் பயம் வந்தா அது என்ன செய்யும், ஆச்சி?"

"ஓடும்."

"ஓட வழி இல்லைன்னா?"

ஆச்சி யோசித்தார். "கடிக்கும்" என்றார்.

அதுதான் விஷயம். கட்டிலுக்கு அடியில் மணிக்கு ஓட வழி இல்லை. அதனால்தான் கடிக்க வந்தது.

நாய் முதலிலேயே கடிக்காது. முதலில் வாலைக் காலுக்கு இடையில் சுருட்டும். காதைப் பின்னால் மடக்கும். முகத்தைத் திருப்பும். பிறகு உறுமும். "கிட்டே வராதே" என்று அது சொல்லும் பேச்சு இது. உறுமும்போது அடித்தால் என்ன ஆகும்? நாய் உறுமுவதை விட்டுவிடும். ஆனால் பயம் போகாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். அது இன்னும் ஆபத்து.

பிறந்த 3 வாரம் முதல் 14 வாரம் வரை குட்டியின் வாழ்க்கையில் முக்கியமான காலம். "உலகம் நல்ல இடமா, கெட்ட இடமா?" என்று அது கற்றுக்கொள்ளும் காலம் இது. அப்போது அடி வாங்கினால் மனிதக் கையைப் பார்த்தாலே பயப்படும். அன்பான கையிலிருந்து தின்னக் கிடைத்தால் அந்தக் கையை நம்பும்.

பரிசு ஏன் வேலை செய்கிறது?

ரஷ்ய நாட்டில் இவான் பாவ்லோவ் என்று ஓர் அறிஞர் இருந்தார். 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவர் நாய்களுக்கு உணவு கொடுக்கும் முன் ஓர் ஒலியை எழுப்பினார். பல முறை இப்படிச் செய்தார். பிறகு ஒலி மட்டும் கேட்டாலே நாயின் வாயில் எச்சில் ஊறியது. ஒலி வந்தால் உணவு வரும் என்று நாய் கற்றுக்கொண்டது.

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டால் நாய் ஓடி வருகிறது அல்லவா?

இன்னொன்றும் உண்டு. எதைச் செய்தால் நல்லது கிடைக்கிறதோ அதை நாய் மறுபடியும் செய்யும். போலீஸ் துறையில் வெடிகுண்டு தேடும் நாய்களையும் இப்படித்தான் பழக்குகிறார்கள். தேடிக் கண்டுபிடித்த நாய்க்குப் பெரும்பாலும் ஒரு பந்துதான் பரிசு. அந்தப் பந்துக்காகவே அது ஆசையாக வேலை செய்கிறது.

விளையாட்டுக்கு முன்

டாக்டரம்மா ஐந்து விதிகள் சொன்னார்.

1. ஒரு தடவைக்கு 3 நிமிடம் முதல் 5 நிமிடம் வரை போதும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை செய்யலாம். குட்டிக்குச் சலிப்பு வரும் முன் நிறுத்த வேண்டும்.

2. பரிசு சிறியதாக இருக்கட்டும். கடலைப் பருப்பு அளவு போதும். அவித்த முட்டை, எலும்பு இல்லாத அவித்த கோழி, சப்பாத்தித் துண்டு, எது இருக்கிறதோ அது. இதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம். அது சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கலாம்.

3. சரியாகச் செய்த உடனே பரிசு கொடுக்க வேண்டும். தாமதம் ஆனால் எதற்குக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது.

4. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் "வா", இன்னொருவர் "இங்க ஓடியா" என்றால் குட்டி குழம்பும்.

5. தப்பாகச் செய்தால் திட்ட வேண்டாம். பரிசு இல்லை, அவ்வளவுதான். இன்னும் எளிதாக மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

முதல் விளையாட்டு: பெயர்

பேத்தி தரையில் உட்கார்ந்தாள். மெதுவாக "மணி" என்றாள். மணி கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. உடனே "நல்ல பிள்ளை" என்று சொல்லி ஒரு முட்டைத் துண்டை அதன் பக்கம் போட்டாள். கையை உள்ளே விடவில்லை. இழுக்கவில்லை.

முதல் நாள் மணி வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டித் தின்றது. மூன்றாம் நாள் பாதி உடம்பு வெளியே வந்தது. ஐந்தாம் நாள் பேத்தியின் மடி அருகே வந்து நின்றது.

பயந்த குட்டியை நாம் தேடிப் போகக் கூடாது. அது நம்மைத் தேடி வர வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

இரண்டாம் விளையாட்டு: வா

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆச்சி ஒரு மூலையில் உட்கார்ந்தார். பேத்தி எதிர் மூலையில் உட்கார்ந்தாள். ஆச்சி "மணி, வா" என்றார். மணி போனது. பரிசு கிடைத்தது. பிறகு பேத்தி "மணி, வா" என்றாள். அங்கேயும் பரிசு. மணி இங்கும் அங்கும் ஓடியது. வால் ஆடியது.

முதலில் இரண்டு அடி தூரம். பிறகு பத்து அடி. பிறகு வாசலில் விளையாடினார்கள்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. "வா" என்று கூப்பிட்டு ஒருநாளும் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒரு தடவை ஏமாந்தாலும் அடுத்த முறை வரத் தயங்கும்.

ஒரு மாதம் கழித்து இந்தச் சொல் மணியின் உயிரைக் காத்தது. கொழுந்து ஏற்றும் லாரி திருப்பத்தில் வந்தது. மணி ரோட்டைப் பார்த்து ஓடியது. பேத்தி துரத்தவில்லை. துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும் என்று அவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்து "மணி, வா!" என்றாள். மணி திரும்பியது. அவளிடம் ஓடி வந்தது. லாரி கடந்து போனது.

மூன்றாம் விளையாட்டு: உட்கார்

தீனியை விரல்களில் பிடித்துக் குட்டியின் மூக்குக்கு மேலே காட்ட வேண்டும். பிறகு கையை மெதுவாக அதன் தலைக்குப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். குட்டி அண்ணாந்து பார்க்கும். பின்பக்கம் தானாகத் தரையில் படியும். உடனே தீனி.

இரண்டு நாள் இப்படிப் பழகிய பிறகு "உட்கார்" என்ற சொல்லைச் சேர்க்கலாம். முதுகைப் பிடித்து அழுத்தக் கூடாது.

வீட்டுக்கு வருபவர்கள் மேல் பாய்ந்து ஏறும் நாய்க்கு இது நல்ல மருந்து. உட்கார்ந்தால்தான் தடவிக் கொடுப்பார்கள் என்று அது கற்றுக்கொள்ளும்.

நான்காம் விளையாட்டு: தேடு

பயந்த குட்டிக்கு மிகவும் நல்ல விளையாட்டு இது. நாயின் மூக்கு அதன் பெரிய பலம். அதை வைத்து வெற்றி பெற்றால் தைரியம் வரும்.

பேத்தி மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றின் அடியில் மட்டும் தீனி. "தேடு" என்றாள். மணி மோந்து பார்த்தது. முதலில் சிரட்டையைத் தொடவே பயந்தது. ஆச்சி சிரட்டையைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். மணி மூக்கால் தள்ளியது. சிரட்டை கவிழ்ந்து உருண்டது. சத்தம் கேட்டு மணி பின்னால் குதித்தது. ஆனால் தீனி தெரிந்தது! மெதுவாக வந்து தின்றது.

நான்கு நாளில் சிரட்டைச் சத்தத்தை மணி கண்டுகொள்ளவில்லை. சத்தம் வந்தால் தீனி வரும் என்று தெரிந்துவிட்டது.

ஐந்தாம் விளையாட்டு: சத்தம்

தட்டுச் சத்தம், குக்கர் விசில், லாரி ஹாரன். எல்லாவற்றுக்கும் மணி பயந்தது. இதை ஒரே நாளில் மாற்ற முடியாது. படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆச்சி தூரத்தில் நின்று தட்டைக் கரண்டியால் மெல்லத் தட்டினார். பேத்தி மணிக்குத் தீனி கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் ஆச்சி கொஞ்சம் கிட்டே வந்தார். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

குட்டி தின்னவில்லை என்றால் பயம் அதிகம் என்று பொருள். அப்போது தூரமாகப் போக வேண்டும். "பயப்படாதே" என்று இழுத்து வந்து சத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது.

ஆறாம் விளையாட்டு: கொடு

செருப்பைக் கவ்விக்கொண்டு நாய் ஓடுகிறது. நாம் பிடுங்குகிறோம். அது உறுமுகிறது. எத்தனை வீட்டில் நடக்கிறது!

பிடுங்காதீர்கள். மாற்றிக் கொடுங்கள். ஒரு தீனியைக் காட்டி "கொடு" என்று சொல்லுங்கள். வாயைத் திறந்து செருப்பைப் போடும். தீனியைக் கொடுங்கள். இப்படிப் பழகிய நாய், தன் பொருளுக்காக மனிதர்களோடு சண்டை போடாது.

தின்றுகொண்டிருக்கும் நாயின் தட்டை விளையாட்டுக்காக எடுக்காதீர்கள். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொந்தரவு செய்யக் கூடாது.

ஊசியை மறக்காதீர்கள்

நல்ல பழக்கம் இருந்தாலும் ஊசி கட்டாயம் வேண்டும். வெறிநோய் தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாத வயதில் போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடியும் போட வேண்டும். மற்ற நோய்களுக்கான ஊசியும், பூச்சி மருந்தும் உண்டு. எல்லா ஊசியும் முடியும் வரை குட்டியைத் தெரியாத நாய்களோடு விடக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டலாம்.

எந்த நாய் கடித்தாலும், நகத்தால் பிராண்டினாலும், உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு வயிற்றில் ஊசி போடுவார்கள். அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பது நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு முடிவில் நின்றுவிட்டது. இப்போது பெரியவர்களுக்குக் கையில்தான் போடுகிறார்கள். பயம் வேண்டாம். வெறிநோயின் அறிகுறி வந்த பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன் ஊசி போட்டால் உயிரைக் காக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க 1960-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நாயை அடித்து, உதைத்துத் துன்புறுத்துவது குற்றம். குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது

இரண்டு மாதம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். மணி உறுமவில்லை. உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

"எத்தனை அடி போட்டீங்க, ஆச்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லப்பா. ரெண்டு முட்டை கூடச் செலவாச்சு" என்றார் ஆச்சி.

அவர் சிரித்தார். ஆனால் புது ஆட்கள் கூட்டமாக வந்தால் மணி இன்றும் கொஞ்சம் ஒதுங்கும். ஆச்சி அதை விட்டுவிடுவார். எல்லா நாயும் ஒன்றுபோல இருக்காது. ஒதுங்க இடம் இருந்தால் கடிக்கத் தேவை இருக்காது.

பேசுவோம்

1. மணி ஏன் கடிக்க வந்தது?
2. உறுமும் நாயை அடித்தால் என்ன ஆபத்து?
3. லாரி வந்தபோது பேத்தி ஏன் துரத்தவில்லை?
4. உங்கள் தெருவில் நாய்களை எப்படி நடத்துகிறார்கள்? அதில் எதை மாற்றலாம்?

எழுதுவோம்

1. ஒரு தடவைக்கு ____ நிமிடம் முதல் ____ நிமிடம் வரை விளையாட வேண்டும்.
2. "வா" என்று கூப்பிட்டு ஒருநாளும் ____ கூடாது.
3. நாய் கடித்த காயத்தைச் சோப்புப் போட்டு ____ நிமிடம் கழுவ வேண்டும்.
4. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையின் பெயரை எழுதுங்கள்.