மாசியிலேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்

மாசி – பங்குனி ஆலோசனை: கோலார் தங்கவயல்

தங்கவயலில் ஒரு காலத்தில் குளிர்சாதனம் தேவைப்பட்டது தரைக்கு அடியில். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பாறையே சுட்டது. காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். மேலேயோ ஊர் இயல்பாகவே குளுகுளு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. இப்போது ராபர்ட்சன்பேட்டை மாடி வீட்டிலும் சுரங்கத் தொழிலாளர்களின் ஷீட் போட்ட லைன் வீட்டிலும் ஏசி ஓடுகிறது. யுகாதி நெருங்கிவிட்டால் ஏசி மெக்கானிக் கையில் சிக்கமாட்டார். இந்த வாரமே வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் நீங்கள் பாருங்கள்

மெயினை அணைத்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து பறந்து வரும் பொடி மண் அதில் அப்பிக்கொள்ளும். குளிர் குறைவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். பிறகு 24 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். தண்ணீர் சொட்டுகிறதா, குழாயில் பனி படிகிறதா, வெளி யூனிட் அதிர்கிறதா என்று குறித்துவையுங்கள். வருகிறவரிடம் இதைச் சொன்னால் அவர் தேட வேண்டியது குறையும்.

யாரைக் கூப்பிடுவது?

வாரண்டி இருந்தால் பில்லில் அல்லது வாரண்டி அட்டையில் உள்ள எண்ணுக்கே பேசுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் உண்டு. முன்பணம் அனுப்பாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள்.

வாரண்டி முடிந்திருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். “கம்மியா வாங்குறவர் யாரு?” என்று கேட்பதைவிட, “மறுபடி ரிப்பேர் ஆனப்போ திரும்பி வந்தாரா?” என்று கேளுங்கள். வந்து பார்க்க எவ்வளவு, வாட்டர் சர்வீஸ் எவ்வளவு, ரிப்பேர் செய்தால் வந்த கூலியைக் கழிப்பாரா என்று போனிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

“கேஸ் குறைஞ்சிடுச்சு” என்றால்

ஏசி வாயு பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில மாதத்தில் அதே செலவு மீண்டும் வரும். நைட்ரஜன் அழுத்தத்திலோ சோப்பு நுரையிலோ கசிவைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பின் வாக்யூம் பம்ப் போட வேண்டும். யூனிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதிய அதே வாயுவை, எழுதிய எடைக்கு நிரப்ப வேண்டும். புது ஏசி பலவற்றில் இருக்கும் ஆர்32 தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது சன்னலைத் திறந்துவையுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

ஒயரிங்

சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. அதற்காகப் பழைய ஒயரை நம்பிவிடாதீர்கள். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த் வேண்டும். புதிதாக ஏசி போடுகிறவர்கள் பெஸ்காம் மின்கட்டண ரசீதில் எத்தனை கிலோவாட் அனுமதி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கீசரையும் காட்டிவிடுங்கள்

மார்கழி, தைக் குளிரில் ஓயாமல் ஓடிய கீசருக்கு இப்போதுதான் ஓய்வு. ஏசி மெக்கானிக் அந்த வேலையும் தெரிந்தவராக இருந்தால் ஒரே நடையில் முடியும். போர்வெல் தண்ணீர் காயிலில் உப்பாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி, தெர்மோஸ்டாட்டையும் பாதுகாப்பு வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: காற்று போக வழியில்லாத குளியலறையில் அதை வைக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

பணம் கொடுக்கும் முன்

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பாகத்தின் விலை, கூலி, எத்தனை நாள் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம். ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நன்றாக வேலை செய்தவரின் எண்ணைப் பில்லின் பின்னால் எழுதிவையுங்கள். ஆடிக் காற்றில் சயனைட் மேட்டு மண் மறுபடி கிளம்பும்போது தேவைப்படும்.