பள்ளியில் தற்காப்புப் பயிற்சி: எந்தக் கலையைத் தேர்ந்தெடுப்பது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுவதை நாம் அறிவோம். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகளாக அதற்குப் பொறுப்பாசிரியர் நான். அறிவியல் பாடம் எடுப்பவள். கராத்தேயில் பெல்ட் எதுவும் வாங்கியதில்லை. ஆனால் பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் மைதானத்தில் மாணவிகளோடு நிற்கிறேன், முடிந்தவற்றை அவர்களோடு சேர்ந்து செய்தும் பார்க்கிறேன். குறுவள மையக் கூட்டங்களில் சந்திக்கும் மற்றப் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டீச்சர், கராத்தேயா, சிலம்பமா, டேக்வாண்டோவா? எதைக் கேட்டு வாங்கலாம்?"

இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம். இடைத்தேர்வு, மழை, உள்ளூர் விடுமுறை எல்லாம் போக இருபது மணி நேரம் மிஞ்சினால் பெரிது. எந்தத் தற்காப்புக் கலையும் ஓரளவு கைவரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே எந்தக் கலை உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, அதிலிருந்து எந்தப் பகுதி இருபது மணி நேரத்தில் உடம்பில் பதியும் என்று பார்ப்பதே நமக்கு உதவும்.

கராத்தேயை எடுத்துக்கொள்வோம். ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. 1922இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகு ஜப்பான் முழுவதும் பரவியது. பள்ளிக்கு மிகவும் வசதியானது. கருவி வேண்டாம், விரிப்பு வேண்டாம், ஒரே பயிற்றுநர் அறுபது பேரை வரிசையில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த வசதியிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. மூன்று மாதமும் வரிசையில் நின்று காற்றைக் குத்திவிட்டு, ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்டிவிட்டு, பயிற்சி முடிந்துவிட வாய்ப்பு உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட வேறொருவர் தன் மணிக்கட்டைப் பிடித்த அனுபவம் அந்த மாணவிக்குக் கிடைத்திருக்காது.

கராத்தேயில் நான் பெரிதாக மதிப்பது அடியோடு சேர்ந்து எழுப்பும் கூச்சலைத்தான். கியாய் என்பார்கள். 'பொம்பளப் பிள்ள சத்தமாப் பேசக் கூடாது' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் படிப்பவர்கள். முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். குரல் தொண்டையைத் தாண்டாது. நான்காவது வாரத்தில் அந்தச் சத்தம் அலுவலக அறை வரை கேட்கும். எங்கள் பள்ளியில் எழுத்தர் ஒருமுறை வெளியே ஓடி வந்து பார்த்தார்!

டேக்வாண்டோ கொரியக் கலை. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து முறையான பதக்க விளையாட்டு. உயரமான உதைகள் அதன் சிறப்பு. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு நல்ல கலை. ஆனால் தோளில் புத்தகப் பையும் உடம்பில் சுடிதாரும் துப்பட்டாவுமாக, சரளைக்கல் சாலையில் ஒற்றைக் காலில் நின்று முகத்துக்கு உதைக்கும் சமநிலை இருபது மணி நேரத்தில் வராது. பயிற்றுநர் டேக்வாண்டோக்காரர் என்றால், முழங்காலுக்குக் கீழே படும் தாழ்ந்த உதையை முதலில் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜூடோவை 1882இல் உருவாக்கியவர் கானோ ஜிகோரோ. அவர் ஒரு கல்வியாளர் என்பதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு மகிழ்ச்சி. இதில் ஏறக்குறைய எல்லா அசைவையும் ஒரு துணையைப் பிடித்துக்கொண்டுதான் பழக வேண்டும். பிறர் பிடிக்கும்போது உடம்பு விறைத்துப் போகாமல் இருக்க இதைவிட நல்ல பழக்கம் இல்லை. குறை என்னவென்றால் விரிப்பு இல்லாமல் தூக்கிப் போடும் பயிற்சி கூடவே கூடாது. பெரும்பாலான பள்ளிகளில் விரிப்பு இல்லை. ஆனாலும் விழும் முறையை மட்டும் மணலிலோ புல்தரையிலோ பழகலாம். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் மோதாமல், உருண்டு எழுவது. சைக்கிளில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது வேறு வகையிலும் உதவும்.

சிலம்பத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குப் பாரபட்சம் உண்டு. நம் மண்ணின் கலை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கம்பைப் பேருந்தில் கொண்டுபோக முடியாதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கம்புக்கு முன்னால் காலடி இருக்கிறது. நேராக வருகிறவரின் பாதையிலிருந்து விலகுவது, இடைவெளி விடாமல் நெருங்கவிடக் கூடாது என்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துத் திரும்புவது எல்லாம் காலடியிலேயே வந்துவிடும். சில ஆசான்களுக்குக் குத்துவரிசையும், பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளும் முறைகளும் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள். மற்றபடி சிலம்பத்தை மூன்று மாதத்துக்குள் அடைக்காமல், விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் நடக்கும் மன்றமாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ஆக, நான் கலையின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பயிற்றுநரை ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்கிறேன். அதில் எத்தனை நிமிடம் மாணவிகள் இருவர் இருவராகச் சேர்ந்து பயில்கிறார்கள் என்று பார்க்கிறேன். துணையை மாற்றி மாற்றி விடுகிறாரா, முதலில் மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, பிறகு பிடியை இறுக்கச் சொல்கிறாரா என்றும் கவனிக்கிறேன். செய்து காட்ட ஒரு பிள்ளையைத் தொட வேண்டியிருந்தால் அவளிடம் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைக் கற்றுத்தர வந்தவர் அதை அந்த இடத்திலேயே மதிக்க வேண்டும். பெண் பயிற்றுநர் கிடைத்தால் நல்லது. யார் வந்தாலும், ஆசிரியை ஒருவர் வகுப்பு முடியும் வரை மைதானத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது.

மணிக்கட்டுப் பிடியை நான் அறிவியல் வகுப்பிலும் எடுத்துக்கொள்கிறேன். பிடிக்கும் கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் மறுபக்கம். பயத்தில் எல்லாரும் கையை நேராகப் பின்னால் இழுப்பார்கள். அப்போது நான்கு விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முழங்கையை மடக்கி எதிராளியின் பக்கமாக நகர்த்தி, நம் முன்கையின் ஒடுங்கிய விளிம்பைக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்துக்குத் திருப்பி எடுத்தால், முன்கையே நெம்புகோலாகிவிடும். எதிர்ப்பது ஒரே ஒரு விரல். பாக்குவெட்டியை வைத்து நடத்தும் நெம்புகோல் பாடத்துக்கு இது நல்ல தொடர்ச்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு அக்காவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டதும் அவள் முகத்தில் வரும் வியப்பு, எந்த மதிப்பெண்ணுக்கும் வராது.

இனி, பயிற்சிகள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். நம் பயிற்சிகள் கற்பனை செய்வது இருட்டுச் சந்தில் வரும் அந்நியனை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளோ, போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்கின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேன் ஓட்டுநர், சில சமயம் ஆசிரியர். தினமும் வீட்டுக்கு வந்து சாக்லேட் கொடுக்கும் மாமாவைப் பார்த்து ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை உதையை ஓங்கிவிட மாட்டாள். அங்கே அவளுக்கு முதலில் வேண்டியது ஒரு வாக்கியம்.

அதையும் உதையைப் போலவே பழக்க வேண்டும். எங்கள் பள்ளியில் வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் இதற்குத்தான். "கையை எடுங்க மாமா." அவ்வளவுதான். மரியாதைச் சொல்லை விட வேண்டியதில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறோமோ என்ற தயக்கம் அந்த 'ங்க'வில் பாதி கரைந்துவிடும். ஆனால் சிரிக்காமல், முகத்தைப் பார்த்து, அடுத்த அறைக்குக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காருபவர், போன் நம்பர் கேட்கும் அண்ணன், கடைக்குள் வந்து எடுத்துக்கொள் என்பவர் என்று காட்சியை மாற்றி மாற்றி நடிக்க வைக்கிறோம். எங்கள் தலைமுறையில் பேருந்துக்கு ஊக்கு ஒன்று கொண்டுபோவோம். குரலைக் கொண்டுபோகச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் இல்லை.

இது என் கற்பனையான நம்பிக்கை அல்ல. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாமாண்டு மாணவிகள் ஏறத்தாழ 900 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. அதில் உடலால் தற்காத்துக்கொள்வது ஒரு பகுதி மட்டுமே. தெரிந்தவரிடம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வதும், அவரை எதிர்க்கத் தடுக்கும் தயக்கத்தைத் தாண்டுவதும் மற்றப் பகுதிகளில் இருந்தன. அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாத குழுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 10, பெற்ற குழுவில் ஏறத்தாழ 5. அவர்கள் வயதுவந்த மாணவிகள். நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நம்மிடம் இருப்பதைவிடக் குறைந்த மணி நேரத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சியின் முதல் நாளிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆபத்து வரும்போது சிலருக்குக் கை கால் அசையாது, குரல் வராது. அது உடம்பின் இயல்பு. பயிற்சி பெற்றவருக்கும் நேரலாம். எதிர்க்க முடியாமல் போனால் தப்பு அந்தப் பிள்ளையுடையது ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டால், 'கராத்தே கற்றும் நான் சும்மா இருந்துவிட்டேனே' என்று மறைக்கும் புதுக் காரணம் ஒன்றை நாமே அவளுக்குக் கொடுத்துவிடுவோம்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லலாம். பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. பிடி விட்டதும் ஓட வேண்டும், துரத்திப் போய் அடிக்கக் கூடாது என்று இதை எளிமையாகச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இந்த வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில் யாராவது ஒரு பிள்ளை நம்மைத் தனியாகத் தேடி வருவாள். 'என் ஃபிரண்டுக்கு ஒரு பிரச்சினை மிஸ்' என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்கு நாம் தயாராக இருக்க வேண்டும். குறுக்கு விசாரணை வேண்டாம். அவள் சொல்வதைக் கேட்டு, சொன்னது நல்லது என்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்த செய்தியைக் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது நம் கடமை. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமே இல்லை. 1098, 14417 ஆகிய எண்களை எல்லாப் பிள்ளைகளும் பார்க்காமல் சொல்ல வேண்டும். மாணவர் மனசு பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவிகள் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் மாணவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்குத் தனியாக வகுப்பு எடுக்கிறார். ஒருவர் விலகச் சொன்னால் விலகுவது, நண்பன் எல்லை மீறும்போது தடுப்பது, தங்களுக்கே அப்படி நேர்ந்தால் யாரிடம் சொல்வது. ஆண் குழந்தைகளுக்கும் போக்சோ பொருந்தும் என்பது பல பெற்றோருக்கு இன்னும் செய்தியாகவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லலாம்.

மூன்று மாதம் முடிந்து பயிற்றுநர் போனபின் கற்றதெல்லாம் மறந்துபோகும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஜோடி சேர்ந்து நான்கே நான்கு விஷயங்களைச் செய்கிறார்கள். மணிக்கட்டு விடுவிப்பு, தாழ்ந்த உதை, குரல், ஓட்டம். ஓட்டம் என்றால் வெறுமனே ஓடுவதில்லை. ஆள் இருக்கும் இடத்தை நோக்கி ஓடி, முதலில் பார்க்கும் ஆசிரியரிடம் தன் பெயரையும் நடந்ததையும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வரும் பயிற்றுநர் எந்தக் கலைக்காரராக இருந்தாலும், இந்த நான்கையும் பார்த்துவிட்டு அதற்கு மேலிருந்து தொடங்கச் சொல்வதாக இருக்கிறோம்.