கியர் எண்ணெயும் உராய்வும்

மசகெண்ணெயின் தொழில் யாது என்று நம்மில் எவரைக் கேட்டாலும், "உராய்வைக் குறைப்பது" என்ற விடை உடனே வரும். பள்ளி நாளிலிருந்து நாம் மனப்பாடம் செய்துவரும் விடை அது. பெரும்பாலான பொறிகளுக்கு அது பொருந்தும். ஆனால் மோட்டார் காரின் கியர் பெட்டிக்கு அது பாதிதான் பொருந்தும். அங்கே உராய்வு குறைய வேண்டிய இடமும் உண்டு. உராய்வு இருந்தே தீரவேண்டிய இடமும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணெய் பார்த்துக்கொள்ள வேண்டும். விரைவாகக் கியர் மாற்றி ஓட்டுவதற்கென்றே அமைந்த ஸ்போர்ட்ஸ் காரில் இவ்வுண்மை ஓட்டுபவரின் கைக்கே தெரிந்துவிடும். வேதியியல் முதுகலை மாணவனாகிய நான் இதை நூலில் கற்பதற்கு முன் ஒரு பிழை செய்து கற்றேன்.

நான் செய்த பிழை

நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தில்லியில் பல்லாண்டுகளாக ஒர்க்‌ஷாப் நடத்திவரும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. ஊர்ப்பேச்சைக் கேட்பதற்காகவே ஞாயிறுதோறும் நான் அங்கே போவது வழக்கம். சென்ற மார்கழியில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இரண்டு இருக்கைகள் கொண்ட தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டுவந்தார். இரண்டாம் கியர் இறுக்கமாக விழுகிறது, எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி ஜி.எல்.-4 என்று எழுதிய டப்பாவை எடுத்தார். நான் குறுக்கிட்டேன். "ஜி.எல்.-5 அதைவிட மேலான தரம், அண்ணாச்சி. காப்புச் சேர்மம் அதில்தான் அதிகம்" என்றேன். பெரியவர் என் படிப்பை நம்பினார். விலை கூடுதலான எண்ணெயே ஊற்றப்பட்டது.

நான்கு நாளில் வண்டி திரும்பி வந்தது. முன்பு இறுக்கமாக விழுந்த இரண்டாம் கியர் இப்போது கரகரவென்று அலறியது. அண்ணாச்சி கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நீங்க படிச்சது தப்பில்ல. இந்த வண்டியோட கையேட்ட ஒரு தடவ புரட்டிப் பாத்திருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தோம். ஜி.எல்.-4 என்றே அச்சிட்டிருந்தது.

வளையத்தின் வேலை

கியர் மாற்றும் நொடியில், பிணைய வேண்டிய இரு உறுப்புகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அப்படியே பிணைத்தால் பற்கள் மோதும். இதைத் தவிர்க்கும் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பை 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்கள் கொண்டுவந்தன. இதன் உயிர்நாடி ஒரு சிறு வளையம். பல கார்களில் அது பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆனது. நாம் கியர்த் தண்டைத் தள்ளும்போது அவ்வளையம் பற்சக்கரத்தின் கூம்பு முகத்தில் போய் அழுந்துகிறது. அழுந்திய இடத்தில் பிறக்கும் உராய்வு, சைக்கிள் பிரேக்கைப்போல வேலை செய்து, இரு வேகங்களையும் சமமாக்குகிறது. சமமான பிறகே பற்கள் ஒசையின்றி ஒன்றுக்குள் ஒன்று நுழையும்.

ஆகவே எண்ணெய் அங்கே மிகவும் வழுக்கலாக இருந்தால் என்ன ஆகும்? கூம்பின்மேல் வளையம் சறுக்கும், வேகங்கள் சமமாகா, பற்கள் மோதும். பெரியவரின் காரில் கேட்ட அலறல் இதுதான். சக்கரப் பற்களுக்கு வழுக்கலும், வளையத்துக்குப் பிடிப்பும் வேண்டும். கியர் மென்மையாக விழுவது இந்தப் பிடிப்பால்தான்.

ஐந்து, நான்கைவிட மேலானதா?

ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்பவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பகுப்புகள். இவற்றைத் தேர்வு மதிப்பெண்போல எண்ணியதே என் பிழை. இவை வெவ்வேறு பணிகளுக்கானவை. ஜி.எல்.-5 முதன்மையாக ஹைப்பாய்டு வகை டிஃபரன்ஷியலுக்காக வகுக்கப்பட்டது. அங்கே பற்கள் உருள்வதோடு மிகுந்த அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும் சூட்டில், எண்ணெயில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஜி.எல்.-5இல் இச்சேர்மங்கள் பொதுவாக ஜி.எல்.-4ஐப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

இரும்பைக் காக்கும் அதே கந்தகம், வினைத்திறன் மிக்க வடிவில் இருந்தால், செம்பு கலந்த உலோகங்களை அரிக்கும். பித்தளை வளையத்துக்கு இது ஆகாது. இன்றைய ஜி.எல்.-5 எண்ணெய்களில் பல செம்புத் தகட்டுச் சோதனையில் தேறுகின்றன என்பது மெய். ஆனால் அரிக்காத எண்ணெயெல்லாம் வளையத்துக்கு வேண்டிய பிடிப்பைத் தந்துவிடும் என்பதற்கில்லை.

அப்படியானால் ஜி.எல்.-5 கியர் பெட்டிக்கே ஆகாததா? அதுவும் தவறு. ஜப்பானின் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் ஐந்து கியர் பெட்டியில், முன் டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள், அதே எண்ணெயில் முழுகியிருக்கிறது. அதற்கு ஜி.எல்.-5தான் விதிக்கப்பட்டது. 1999 முதல் 2009 வரை வெளிவந்த ஹோண்டா எஸ்-2000 காருக்கோ, ஹோண்டாவின் தனிக் கியர் எண்ணெய் விதிக்கப்பட்டது. அது மிக மெல்லியது. கிடைக்காவிடில் தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெயைக்கூட ஊற்றலாம் என்கிறது அதன் கையேடு. 1980களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு முஸ்டாங்கின் டி-5 பெட்டியில் வளையங்களுக்கு நார்ப்பூச்சு உண்டு. அதற்குத் தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெயே உகந்தது. மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள், மூன்று எண்ணெய்கள். எது சிறந்தது என்ற கேள்விக்கே பொருளில்லை. எதற்கு எது என்பதே கேள்வி.

குளிரும் பாகுநிலையும்

டப்பாவின்மேல் உள்ள 75டபிள்யூ-90 போன்ற எண்கள் பாகுநிலையைக் குறிப்பவை. முன் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் காட்டும். பின் எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். 100 டிகிரி செல்சியஸில் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 80 என்பது 7 முதல் 11 வரை. இவ்வெண்களை எஞ்சின் எண்ணெயின் எண்களோடு ஒப்பிடக்கூடாது. 90 எண் கியர் எண்ணெய், தடிப்பில் 40 அல்லது 50 எண் எஞ்சின் எண்ணெயை ஒத்ததே.

தில்லியின் தை மாதக் காலையில் முதல் ஒரு மைல் கியர் முரண்டு பிடித்து, பிறகு இளகுவதன் காரணமும் இதுவே. எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கையில் வளையம் கூம்பின் மேலுள்ள படலத்தை விரைவில் வழித்தெறிய இயலாது. உட்புறம் வெட்டிய நுண்பள்ளங்கள் அதற்காகவே இருந்தும், நேரமாகும். வண்டி சூடேறும்வரை பொறுமையாக மாற்றுவதே நலம். அதற்காகக் கையேடு அனுமதிக்காத மெல்லிய எண்ணெயை ஊற்றினால், கோடையில் பற்களுக்குக் காப்புக் குறையும்.

வாங்குமுன் கவனிக்க

முதலில் கையேட்டைப் பாருங்கள். அதில் சொன்ன தரத்துக்குள், சொன்ன பாகுநிலைக்குள் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, நோய் எண்ணெயால்தானா என்று அறியுங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர், ஓடுகையில் மட்டும் விழ மறுத்தால், கிளட்ச் முழுதும் விடுபடவில்லை என்று ஐயுறலாம். தேய்ந்துபோன வளையத்தையும் எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. மூன்றாவது, பழைய எண்ணெயை வடிக்குமுன் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பின் அது கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பெரியவரின் காரில் மறுபடி ஜி.எல்.-4 ஊற்றினோம். அலறல் நின்றது. நல்லவேளையாக வளையத்துக்குச் சேதமில்லை. பழைய இறுக்கம் மட்டும் குளிர்ந்த காலைகளில் சற்றே இருக்கிறது. வண்டியின் வயதுக்கு அது இயல்பு என்று பெரியவரே சொல்லிவிட்டார். இரண்டாம் டப்பாவுக்கு, அவர் வேண்டாமென்றும், நானே பணம் கொடுத்தேன்.

நண்பர்களே, ஊரைவிட்டு வந்து பயிலும் நம்மை, அறிவியல் மாணவர் என்ற ஒரே காரணத்துக்காக அயலார் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பெரிது. பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்ததாகச் சொன்னால் விலை கொடுப்பவர் நாமல்லர்; நம்மை நம்பியவர். மேலான எண் எது என்று பாராமல், செய்யவேண்டிய வேலை எது என்று முதலில் கேட்போம். எண்ணெய்க்கும் அதுவே வழி. நம் படிப்புக்கும் அதுவே வழி.