டக்டுக்குள் கலக்கும் காற்று

கேள்வி: எங்கள் நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் வெளிக்காற்றும், ஆலைக்குள்ளிருந்து திரும்பும் காற்றும் சேர்கின்றன. இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டதா என்று எப்படி அளப்பது?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ஒரே துளை போட்டு, ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு மீட்டர் அகல டக்டில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்றின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 3 லட்சம். 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டிய கொந்தளிப்புக்குச் சில ஆயிரமே போதும். பிறகென்ன, தானாகக் கலந்துவிடாதா? கலக்கும், தூரம் கொடுத்தால். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளிக்காற்று சூடாக மேலேயும், ஆலைக்காற்று கீழேயுமாகப் பிரிந்தே கொஞ்ச தூரம் ஓடும்.

எனவே வெளிக்காற்று நுழையுமிடத்தில் கார்பன் டை ஆக்சைடை அடையாளமாகச் சீராக விடுங்கள். டக்ட் அகலத்தைப்போல் எட்டு மடங்கு தள்ளி (புகைபோக்கியில் மாதிரி எடுப்பவர்கள் வளைவிலிருந்து தள்ளி நிற்கும் கணக்கும் இதுதான்), குறுக்குவெட்டை 16 சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் கலந்துவிட்டது. மேல் வரிசையில் மட்டும் கூடுதலென்றால் உள்ளே தடுப்புத் தகடு வைக்க வேண்டியதுதான்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு வழியில்லையா? அதே கட்டங்களில் வெப்பமானியே போதும். ஆனால் ஏர் வாஷருக்கு முன்னாலேயே அளந்துவிடுங்கள். தண்ணீர் பட்டபின் வெப்ப வித்தியாசம் மங்கிவிடும்.