இணையதளத்தில் இசை: ஒலிக்கோப்புகளைத் தேர்தலும் சுருக்குதலும்

இசைத்தட்டில் பதிவான ஒரு பாடலை இணையதளத்தின் வாயிலாக உலகெங்கும் கேட்கச் செய்தல் இன்று எவர்க்கும் கைகூடும் செயலாகிவிட்டது. ஆயினும், பாடலை எவ்வடிவில் வைப்பது, எந்த அளவுக்குச் சுருக்குவது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இப்பணியில் இறங்குவோர், கேட்பவரின் பொறுமையையோ இசையின் நயத்தையோ இழக்க நேரிடுகிறது. சில வேளைகளில் பாடலையே இழக்கவும் நேரிடுகிறது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. இவ்வதிர்வை எண்களாக மாற்றுவதற்கு, அதன் வீச்சினை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து குறித்தல் வேண்டும். மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணர வல்லது. ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்டுப் பெற, அதன் எண்ணிக்கையின் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் தேவை என்பது கணிதம் நிறுவிய உண்மை. இதனாலேயே 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிற்கு வினாடிக்கு 44,100 அளவீடுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வோர் அளவீடும் 16 பிட் கொண்டது, தடங்கள் இரண்டு. பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட் ஆகிறது. இவ்வெண்களை அப்படியே தாங்கி நிற்பதே பெரும்பாலான 'வேவ்' கோப்பு. நான்கு நிமிடப் பாடல் இதில் ஏறத்தாழ 42 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். வினாடிக்குப் பத்து லட்சம் பிட் கடத்தும் இணைப்பினை உடைய ஒருவர் இதனைப் பெற ஐந்தரை நிமிடத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். பாடலோ நான்கே நிமிடம்!

ஆகவே சுருக்கம் இன்றியமையாததாகிறது. சுருக்குவதில் இரு நெறிகள் உள்ளன. ஒன்று, எதனையும் இழக்காமல் சுருக்குவது. 2001-இல் வெளிவந்த 'ஃபிளாக்' இவ்வகையைச் சார்ந்தது. விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் மீண்டும் கிடைக்கும். ஆனால் அளவு பெரும்பாலும் ஏறத்தாழப் பாதியாகவே குறையும்.

மற்றொரு நெறி செவியின் இயல்பை ஆதாரமாகக் கொண்டது. கோயில் திருவிழாவில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் மெல்லக் கூறுவது காதில் விழுவதில்லை. பேச்சின் அதிர்வுகள் செவியை அடைகின்றன. எனினும் வலிய ஒலி அவற்றை மறைத்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய சுருதிகளில் இம்மறைப்பு மிகுதி. வலிய ஒலி ஓய்ந்த பின்னரும் ஒரு கணநேரம் அது நீடிக்கும். கேட்கப்படாத ஒலியைச் சேமிப்பானேன்? அவ்விடத்தில் அளவீட்டின் நுட்பத்தைக் குறைத்தால் பிட்டுகள் மிச்சமாகும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரான்ஹோபர் நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய விஞ்ஞானிகள் இத்தத்துவத்தைக் கொண்டு உருவாக்கியதே 'எம்பி3'. 1995-ஆம் ஆண்டில்தான் இக்கோப்புகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. வாத்தியங்களின் துணையின்றி சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாடல் ஆய்வின்போது முதலில் சிதைந்து ஒலித்தது. தனிக்குரலில் குறைகளை மறைத்துக்கொள்ள இடமில்லை. அப்பாடலையே உரைகல்லாகக் கொண்டு முறை செப்பனிடப்பட்டது.

வினாடிக்கு 1,28,000 பிட் என்னும் விகிதத்தில் முன்கூறிய பாடல் 3.84 மெகாபைட்டாகச் சுருங்கும். அதே இணைப்பில் முழுவதும் வந்து சேர அரை நிமிடம் போதும். ஆயினும் மிருதங்கம் போன்ற வாத்தியங்களில் ஒரு தொல்லை உண்டு. கோப்பு ஒலியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தே சுருக்குகிறது. அமைதியின் நடுவே திடீரென ஓர் அடி விழுந்தால், சுருக்கத்தினால் எழும் இரைச்சல் அப்பகுதி முழுவதும் பரவி, அடி விழுமுன்னரே மெல்லக் கேட்கும். பகுதிகளைக் குறுக்கி இதனைத் தணிப்பர். அதற்குக் கூடுதல் பிட்டுகள் வேண்டும். எனவே தாள வாத்தியம் மிக்க இசைக்கு 1,60,000 அல்லது 1,92,000 என்ற விகிதம் தக்கது.

பழைய கிராமபோன் தட்டுகளின் நிலை வேறு. இந்தியாவில் முதல் வணிக ஒலிப்பதிவுகள் 1902-இல் கல்கத்தாவில் நிகழ்ந்தன. கௌஹர் ஜானின் குரல் அவற்றுள் ஒன்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும், தடம் ஒன்றே. இதனை இரு தடங்களாகப் பதிவது ஒரே கடிதத்தை இருமுறை தபாலில் இடுவதற்கு ஒப்பாகும். ஒற்றைத் தடத்தில் 64,000 பிட் விகிதம் கொடுத்தால் 1.44 மெகாபைட்டில் அடங்கிவிடும். தட்டின் கீறல் ஒலி ஒழுங்கற்றது. ஒழுங்கற்றதைச் சுருக்குவது கடினம். ஆகையால் சிறிது தாராளமாகவே பிட்டுகளை அளித்தல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எம்பி3 நீக்கிய நுட்பம் எக்காலத்தும் திரும்பி வாராது. அதனை விரித்து மீண்டும் சுருக்கினால் பழைய இரைச்சலின்மேல் புதிய இரைச்சல் ஏறும். வேறு வடிவுக்கு மாற்றினாலும் அவ்வாறே. அரக்குத் தட்டு உடைந்துபோன பின் எஞ்சியிருப்பது எம்பி3 மட்டுமே என்றால், அப்பாடகரின் குரலில் ஒரு பகுதி அழிந்ததேயாகும். ஆவணக் காப்பகங்கள் பல, 24 பிட் அளவீட்டில் வினாடிக்கு 96,000 முறை அளந்து மூலப்பிரதியை இழப்பின்றிக் காக்கின்றன. தளத்திற்குரிய சிறு பிரதியை எப்போதும் அம்மூலத்திலிருந்தே எடுத்தல் வேண்டும்.

எம்பி3-க்குப் பின் வந்தவற்றுள் 2012-இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' குறிப்பிடத்தக்கது. இது குறைந்த பிட்டுகளில் எம்பி3-ஐ விட நன்கு ஒலிக்கிறது. 96,000 விகிதத்திலேயே பெரும்பாலான இசைக்குப் போதுமான தரம் தருகிறது. பழைய கருவிகள் சில இதனைத் திறவா. எம்பி3 திறவாத கருவியோ அரிது. அதன் உரிமக் கட்டணமும் 2017-இல் முடிவுற்றது. இரண்டையும் தளத்தில் வைத்து, பக்கத்தின் குறிமொழியில் ஓபஸை முதலிலும் எம்பி3-ஐ அடுத்தும் குறித்தால், உலாவி தன்னால் இயக்கக்கூடிய முதற் கோப்பினை எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கத்தில் இருபது பாடல்கள் இருப்பின், கேட்பவர் விசையை அழுத்துமுன் எதனையும் இறக்கவேண்டாம் என்று அக்குறிமொழியிலேயே பணித்துவிடலாம்.