தாயின் பிள்ளைப்பேற்றுக் கணக்கு

மாங்கேணியில் ஒரு தாயிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் தொகையையே சொல்லுவார். கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். ஆனால் பிள்ளைப்பேற்றைக் கவனிப்பவர் அறியவேண்டியது வேறொன்று. "எத்தனை தரம் வயிற்றில் தங்கியது? ஒவ்வொரு தரமும் என்ன நடந்தது?" இந்த இதழின் பாடம் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதாகும்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், ஐம்பது வயதைத் தாண்டியவர், "மூணு புள்ள, பாதர்" என்றே எப்போதும் சொல்லிவந்தார். மகள் முதற்பிள்ளைக்குக் கர்ப்பமாகி, கிளினிக்கில் குடும்பத்தின் பழைய விபரங்களைக் கேட்டு அனுப்பியபோதுதான் முழுக் கணக்கும் வெளியே வந்தது. மூத்தது 1989இல், தமது தாயின் வீட்டில், ஊர் மருத்துவிச்சியின் கையில் பிறந்தது. இரண்டாவது 1990ஆம் ஆண்டின் கடைசியில், அகதிகளாகத் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில். பிள்ளை சுகமாகப் பிறந்தது, நஞ்சு விழவில்லை. "மறுகா இரத்தம் நிக்கவேயில்ல. நாலு சீலை நனைஞ்சி போச்சு" என்றார். 1992இல் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. 1994இல் நிறைமாதத்தில் கடுந்தலையிடியும் முகவீக்கமும் வந்து, பின் வலிப்பும் வந்து, பிள்ளை இறந்தே பிறந்தது. 1997இல் கடைசி மகள், வைத்தியசாலையில். ஆக ஐந்து தரம். மற்ற இரண்டையும் அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

கேட்காமல் விடுவதால் என்ன நட்டம் என்று சிலர் நினைக்கலாம். நஞ்சு முழுவதும் வெளியேறினால்தான் கருப்பை நன்றாக இறுகும். அது இறுகும்போதுதான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். இல்லையேல் துருசு மூடாத குளம்போல இரத்தம் போய்க்கொண்டேயிருக்கும். அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தப்போக்கை ஆபத்தென்றே கொள்ளவேண்டும். பெருக்கு மிகுந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். ஒரு முறை இப்படி நேர்ந்த தாய்க்கு அடுத்த முறையும் நேரக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால், மருந்தும் இரத்தமும் ஆயத்தமாயுள்ள வைத்தியசாலையில் பேறு நடக்க ஒழுங்கு செய்யலாம்.

வலிப்பின் கதை மகளையும் தொடுகிறது. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வரும் இந்த நோய் தாய்க்கு இருந்திருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்த மகளின் அட்டையில் எழுதப்படவேண்டிய முக்கிய விடயம், அவள் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகும். அதைச் சொன்ன பிறகு கிளினிக்கில் அவளுடைய அழுத்தத்தையும் சிறுநீரையும் கூடுதல் கவனத்துடன் பார்க்கிறார்கள். தலையிடி, கண் மங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழ் நோவு, திடீர் முகவீக்கம் என்பன வந்தால் மறுநாள் கிளினிக்குக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கைமருந்து செய்து பார்க்க நேரமில்லை.

முன்பு வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. கருப்பையிலுள்ள பழைய தழும்பு அடுத்த வலியின்போது கிழியக்கூடும். சத்திரசிகிச்சைக் கூடமுள்ள இடமே அவருக்கு ஏற்றது. தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாயின், பிள்ளையின் இரத்தத்தைப் பரிசோதித்து, அது பொசிட்டிவ் என்று கண்டால் பேறு நடந்து 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி போடவேண்டும். தவறினால் தீங்கு வருவது பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்கே.

மட்டக்களப்பு வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண் தாயின் வளவிலேயே இருப்பாள். பேறு பார்த்த தாயும் பெரியம்மாவும் பக்கத்து வீடுகளில் இருந்தனர். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருந்தார். இடப்பெயர்வு இந்த ஏற்பாட்டையே முதலில் குலைத்தது. 1990இலும், பின்னர் 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாகரைப் பக்கத்துச் சனங்கள் காடும் வாவியும் கடந்து வந்தபோதும், தாய் ஒரு முகாம், மகள் இன்னொரு முகாம் என்றானது. கிளினிக் அட்டைகள் வீடுகளோடு போயின. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் குடும்பநல உத்தியோகத்தர் பதவிகள் பலவும் வெற்றிடமாகவே கிடந்தன. அன்று பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் பிறந்த பெண்பிள்ளைகள் இன்று தாய்மாராகிறார்கள்.

இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அது 50க்கும் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இதைச் செய்யவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, வீடு வீடாகப் போய் விசாரித்துப் பதியும் மருத்துவ மாதுக்களை உருவாக்கியது. விசாரித்தலும் பதிதலும் பெரும்பங்கு வகித்தன.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மாடு போன ஈற்றில் நஞ்சு போடத் தாமதித்தது என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லுவோம். மனைவிக்கு எந்தப் பிள்ளையோடு இரத்தம் போனது என்று கேட்டால் "அது பொம்புளையள்ற விசயம்" என்று எழும்பிப் போகிறோம். இரவில் வாகனம் பிடித்து வாழைச்சேனைக்கோ வாகரைக்கோ கொண்டுபோய், வாசலில் வைத்தியருக்குப் பதில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் கணவரே. அந்நேரம் மனைவி பேசக்கூடிய நிலையில் இருக்கமாட்டார்.

மாதர் சங்கக் கூட்டத்தில் இப்பாடத்தைப் படிப்பவர்கள், எல்லார் முன்னிலையிலும் ஒருவரிடம் இக்கேள்விகளைக் கேட்கவேண்டாம். கலைந்த பிள்ளையையும் இறந்து பிறந்த பிள்ளையையும் பற்றித் தனியே இருந்து கேட்டால்தான் சொல்லுவார்கள். சிலர் அழுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். மகளே தாயிடம் கேட்பது மிக நல்லது. பிறகு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஆண்டு, இடம், எத்தனையாம் மாதம், வலி எவ்வளவு நேரம், பிள்ளை தலையாலா காலாலா வந்தது, நஞ்சு எப்போது விழுந்தது, இரத்தம், வலிப்பு, காய்ச்சல், இரத்த வகை. கர்ப்பிணிப் பதிவேட்டில் ஒரு பிரதி தாயிடமும் மற்றது குடும்பநல உத்தியோகத்தரிடமும் இருக்கும். கொப்பியில் உள்ளதை அவரிடம் காட்டி அதில் பதிவித்துக்கொள்ளுங்கள். கொப்பியையும் அட்டையையும் அடையாள அட்டை, காணிப் பத்திரம் இருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். ஆண்டு நினைவில்லாவிட்டால் "புயலுக்கு அடுத்த வருடம்", "சுனாமிக்கு முந்திய மாரி" என்றே எழுதலாம்; அது போதும்.